என் அழுகையைத் தன் அப்பாவுக்குக் கொடுத்தவர்

செக்காலை ரோட்டில் முடிவெட்டும் கடை நாற்காலியில், ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையோடு இருந்தபோது போன் வந்தது. கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டுக் காவல்காரர் முத்தையா.

"அண்ணே, வெள்ளக்காரரு தவறிட்டாராம்ல. டிவியில ஓடுது."

"எந்த வெள்ளக்காரரு?"

"உங்க வெள்ளக்காரருண்ணே. உங்க கார்ல முன் சீட்டுல உக்காந்து வருவாருல்ல, அவரு."

"சொந்தமாண்ணே?" என்று கத்தியை நிறுத்திக் கேட்டார் கடைக்காரர். தெரிந்தவர் என்றேன். அவர் மீண்டும் மழிக்கத் தொடங்கினார். அந்த வெள்ளைக்கார நடிகர் டெஸ்மண்ட் ஹாக்ஸ்வெல்லுக்காக நான் ஒரு நிமிடம் மௌனம் காத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கழுத்தில் கத்தி இருந்ததால் வேறு வழியும் இல்லை.

கொத்தமங்கலத்தில் நடந்த அந்த ஆங்கிலப் படப்பிடிப்பில் சோறு வடித்தவர்கள், விளக்குத் தூக்கியவர்கள், என்னைப் போல வண்டி ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவரைத் தெரியாத உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையை நான் இரண்டு தடவை எழுதியவன். அதனால்தான் அவரிடம் இரண்டு மடங்கு இங்கிலீஷ் பேசினேன் என்பாள் என் மனைவி பிலோமினா.

முதல் நாள் அவருக்குப் பின் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் சுற்றி வந்து முன்னால் ஏறிக்கொண்டார். "பின்னால் இருந்தால் உங்கள் பிடரிதான் தெரியும். பிடரி அதிகம் பேசாது" என்றார். அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தன் கதையையெல்லாம் சொன்னார். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஒரு துறைமுக ஊர். தையல் வேலை செய்து வளர்த்த அம்மா. அப்பா இவர் பிறக்கும் முன்பே இறந்துபோனார். ஒரு போட்டோகூடக் கிடையாது. வாலிபத்தில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மேடையில் தட்டு ஏந்தி வருகிற வேலைக்காரனாகப் பல வருடம் நின்றிருக்கிறார். "தட்டு ஏந்தி நின்றவனுக்குத்தான் சாப்பிடுகிறவர்களை நன்றாகத் தெரியும்" என்பார். பிறகு சினிமாவில் போலீஸ்காரர், பாதிரியார், டாக்டர். முகத்தைப் பார்த்தால் அவர் நாட்டில் எல்லோருக்கும் தெரியும், பேரைச் சொன்னால் தெரியாது. இங்கே கலெக்டர் துரை வேடத்துக்கு வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரிச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். ஆட்டுக் கயிற்றைப் பிடித்து நின்ற ஒரு பெரியவருக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் இவருடைய ஒரு தோள் இறங்கியது, முழங்கால் லேசாக மடங்கியது, கை இல்லாத கயிற்றைப் பிடித்தது. பெரியவர் பார்த்துவிட்டார்.

"ஏப்பா டிரைவரு, உங்காளு என்னைய மாதிரியே நிக்கிறாரே. அப்ப இந்த ஆட்டையும் அவரே வித்துக் குடுத்துட்டுப் போவாரா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது அடுத்தவருடைய நிற்பு. திரும்பி வரும்போது, "முகம் சம்பளம் வாங்கிக்கொண்டு பொய் சொல்லும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் நான் கையைத்தான் பார்ப்பேன்" என்றார். ஸ்டீயரிங்கில் இருந்த என் கையை நானும் ஒருதடவை பார்த்துக்கொண்டேன்.

அந்தப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் என் ஒரே மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். ஹாக்ஸ்வெல் வேட்டி கட்டி, அதன்மேல் தோல் பெல்ட் போட்டு, பெல்ட்டின்மேல் துண்டும் சுற்றி வந்தார். பந்தியில் பாயசத்தை மூன்று முறை வாங்கினார். மாப்பிள்ளையைவிட அவரோடுதான் அதிகம் பேர் போட்டோ எடுத்தார்கள்.

சாயங்காலம் மாதா கோயில் மண்டபத்து வாசலில் பெண்ணை அனுப்பும் நேரம். எங்கள் பக்கம் பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போகும்போது அப்பாவும் அம்மாவும் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ கல்யாணப் பெண்கள் என் காரில் போயிருக்கிறார்கள். என் பெண் போவது மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த காரில். அந்தக் கார் வாசலுக்கு வந்ததும் நான் மண்டபத்தை ஒட்டிய சந்தில் வாசலுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்ற என் காரிடம் போய்விட்டேன். காலையில்தான் கழுவிய கார். வாளியை எடுத்து, குந்தி உட்கார்ந்து, மறுபடி கழுவ ஆரம்பித்தேன்.

"ஏங்க, எங்குட்டுப் போனீக? பிள்ள கெளம்புது!" என்று பிலோமினா கூப்பிட்டது கேட்டது. துணியைப் பிழிந்தேன், நனைத்தேன், பிழிந்தேன். என் மைத்துனர்தான் எனக்குப் பதிலாகச் சிலுவை போட்டார். நிமிர்ந்தபோது பக்கத்துச் சுவரில் சாய்ந்து ஹாக்ஸ்வெல் நின்றிருந்தார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் மனதைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெசிந்தா அதை மறக்கவில்லை. என்னோடு பேசுவாள், மருந்து சாப்பிட்டேனா என்பாள். ஆனால் எந்தப் பேச்சிலும், "நீங்க அப்பிடித்தானே, நான் போறப்பகூட காரத்தானே கழுவிக்கிட்டு இருந்தீக" என்று ஒரு வரி வந்துவிடும்.

இரண்டு வருடம் கழித்து அவர் நடித்த வேறொரு படம் வந்தது. இங்கிலாந்தில் பால் வண்டி ஓட்டும் கிழவர் வேடம் அவருக்கு. அவருடைய மகள் கல்யாணமாகிப் போகிறாள். கிழவர் பின்பக்கம் போய்ச் சுத்தமான வண்டியைக் கழுவுகிறார். வசனம் கிடையாது. என் குந்தல், என் பிழிதல், என் முதுகு. வாழ்நாளெல்லாம் தட்டு ஏந்திய மனிதருக்கு அந்தக் காட்சிக்காகப் பெரிய விருது கொடுத்தார்கள். வாங்கும்போது சொன்னார்: "இது என் அப்பா. என் அக்கா கல்யாணமாகிப் போன நாளில் அவர் இப்படித்தான் செய்தார்."

என்னோடு உட்கார்ந்து படம் பார்த்த பிலோமினாவிடம் அது நான்தான் என்றேன். "ஆமா, லண்டன்லேருந்து உங்களப் பாத்துப் பழகத்தான் வந்தாராக்கும்" என்றாள். கோயம்புத்தூரில் படம் பார்த்த ஜெசிந்தா போனில் அழுதாள். "பாவம்ப்பா அந்த அப்பா. அவருக்கு எம்புட்டுப் பாசம் பாருங்க. சில பேருக்கு அது வரவே வராது." எனக்கு வரவேண்டிய கண்ணீரை என் மகளே அவருக்குக் கொடுத்தாள். அவர் எடுத்துக்கொண்டதுகூடப் பரவாயில்லை. எடுப்பதுதான் அவர் தொழில். அப்பா முகமே தெரியாத மனிதர் என்னை வைத்துத் தனக்கு ஒரு அப்பாவைச் செய்துகொண்டார். அதில் என் மகளுக்கு அப்பா இல்லாமல் போனதை அவர் யோசிக்கவே இல்லை.

செய்தி வந்த அன்று மாலை ஜெசிந்தா கூப்பிட்டாள். அழுத குரல்.

"அந்தப் பால் வண்டியத்தாம்ப்பா டிவியில திரும்பத் திரும்பப் போடுறாக."

"அது நாந்தாம்மா."

"செத்தவரு பேர்ல கத கட்டாதீகப்பா. அவுக அப்பான்னு அவரே சொல்லிருக்காரு."

"அவுக அப்பாவ அவரு பாத்ததே இல்லம்மா. என்கிட்டதான் சொன்னாரு."

"அவருதான் இல்லையே, இனி நீங்க என்ன வேணாலும் சொல்லலாம்."

சாட்சியும் அவர்தான், எடுத்துப் போனவரும் அவர்தான். நான் சொன்னேன். "கார்ல ஏறுறப்ப உன் இடது கால் செருப்பு வார் அந்துபோச்சு. யாரும் பாக்காமக் கழட்டிச் சேலைக்குள்ள சுருட்டிக்கிட்டு, வெறுங்காலோட ஏறுன."

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் நின்றது.

"அத நான் யார்கிட்டயும் சொல்லலையேப்பா."

"நம்ம கார் சைடு கண்ணாடில பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பின்ன ஏம்ப்பா வரல?"

"கையெல்லாம் சோப்புத் தண்ணிம்மா" என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

ஹாக்ஸ்வெல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னை அவ்வளவு உற்றுப் பார்த்த மனிதர் வேறு யாரும் இல்லை என்பதையும் மறுக்கவில்லை. அவர் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது, அந்தச் செருப்பு மட்டும் இல்லை. நான் கண்ணாடியில் என் மகளைப் பார்த்திருந்த நேரம், அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் இருக்கிறது.