கை பட்ட மாவு

அன்று காலை வழக்கம்போல் பால் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போனேன். மலர் ஸ்டோர்ஸ் ஷட்டர் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் அது மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. கோலம் போட வாளியோடு வெளியே வந்த எதிர்வீட்டு சரோஜா அம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டு நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், மலர் போயிட்டாங்க சார்" என்றார்.

"எங்க போனாங்க?" என்று கேட்டேன். இத்தனை வயதாகியும் இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு முதல் தடவையில் புரிவதில்லை.

"விடியக்காலம் நெஞ்ச அடைக்குதுன்னாங்களாம். வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

பையைப் பிடித்தபடி மூடிய ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாரோ அழும் சத்தம் கேட்டது. அது அவருடைய கணவர் ராஜேந்திரன் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஊரெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, படியில் தொங்குகிறவர்களைத் திட்டித் தீர்த்த கண்டக்டர் அவர். அவர் குரல் அப்படி உடையும் என்று நான் நினைத்ததில்லை.

நம் நகர் சங்கத்தார் இரங்கல் கூட்டத்தில் வாசிக்க அரைப் பக்கம் கேட்டார்கள். அரைப் பக்கத்தில் நிற்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மலர்க்கொடி உங்களுக்கெல்லாம் கடைக்கார அம்மா. எனக்கு அதற்கு முன்பே பழக்கம். ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார், அவர் அலுவலகத்தில் உதவியாளர். எங்கள் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வரலாறு டீச்சர், அறிவியல் சார், கணக்கு சார் என்று பாடத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். மதியம் அவர் டிபன் டப்பாவைத் திறந்தால் ஆசிரியர் அறையே அந்தப் பக்கம் சாயும். அத்தனை மெத்தென்ற இட்லியை நான் என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில்கூடத் தின்றதில்லை. இதை அவளிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

ஓய்வு பெறும்போது கடை வைக்கப்போவதாகச் சொன்னார். யாருக்கும் அது பிடிக்கவில்லை. பென்ஷன் வருகிறது, பேசாமல் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதானே என்று நானும் சொன்னேன். அப்போது அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"எங்கம்மா ஊர்ல கடைக்கு வெளியில நின்னுதான் சார் சாமான் வாங்குவாங்க. கடைக்காரரு மேல இருந்து பருப்பக் கொட்டுவாரு, அம்மா முந்தானைய விரிச்சுப் பிடிப்பாங்க. கை பட்டுடக் கூடாதுல்ல? பாதி கீழ சிந்தும். நான் உக்காந்து பொறுக்குவேன். எனக்கு ஒரு கடைக்கு உள்ள உக்காரணும். அவ்வளவுதான்."

அதற்குமேல் நான் டிவியைப் பற்றிப் பேசவில்லை.

பாமணி ஆற்றைத் தாண்டி, நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டுப் பிரித்த மனைகளை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் நாம். ஒரு தீப்பெட்டி வேண்டுமென்றால்கூட மன்னார்குடிக் கடைத்தெருவுக்கு வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. அதனால் கடை வருகிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். கூடவே நம் வழக்கமான விசாரணையும் நடந்தது. நன்னிலம் பக்கம் என்றால் எந்த ஊர்? ஊரைச் சொன்னால் எந்தத் தெரு? மலர்க்கொடி அந்த இரண்டாவது கேள்விக்கு யாரையும் காக்க வைத்ததில்லை. "காலனித் தெருங்க" என்று முதல் கேள்விக்கே சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். கேட்டவர்தான் அப்புறம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்ப்பார்.

திறப்பு விழாவுக்கு யாரும் வராமல் இல்லை. பட்டுப்புடவையும் பவுடருமாக எல்லோரும் வந்தீர்கள். சந்தனம் எடுத்துக்கொண்டீர்கள், சோப்பும் பிஸ்கட்டும் சேமியா பாக்கெட்டும் வாங்கினீர்கள். மலர்க்கொடி ஒரு பெரிய அண்டாவில் காப்பி போட்டு வைத்திருந்தார். பக்கத்திலேயே குளிர்பான பாட்டில்களும் இருந்தன. மார்கழிக் குளிர். ஆனால் பாட்டில்கள் தீர்ந்துபோயின, காப்பி அண்டா அப்படியே இருந்தது. தொண்டை கட்டிக்கொண்டு இருமியவர்கூட ஜில்லென்ற ஆரஞ்சு பானத்தைத்தான் குடித்தார். நானும் ராஜேந்திரனும் மாற்றி மாற்றிக் காப்பி குடித்தோம். எவ்வளவு குடிக்க முடியும்?

"சீல் வெச்சதெல்லாம் போயிடுச்சு, கவனிச்சீங்களா கணக்கு சார்?" என்றார் மலர்க்கொடி, அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே. கோபமாகச் சொல்லவில்லை. அலுவலகத்தில் கோப்பில் ஒரு குறிப்பு எழுதுவதுபோலச் சொன்னார்.

அடுத்த வாரமே கடையின் பின்கட்டில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு, இட்லி மாவு விற்க ஆரம்பித்தார். அரிசியும் உளுந்தும் அரைத்து, உப்புப் போட்டு, முழங்கைவரை கையை விட்டுக் கலப்பார். பிறகு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜில் தெரியும்படி வைப்பார். சாயங்காலம் வாங்கி இரவு வெளியில் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

யாரும் வாங்கவில்லை. அரிசி வாங்கினோம், உளுந்து வாங்கினோம், வெந்தயம்கூட வாங்கினோம். அதே அரிசியையும் உளுந்தையும் தண்ணீர் விட்டு அவர் அரைத்தால் மட்டும் வேண்டாம். காரணங்களுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் கிரைண்டர் இருக்கிறது, வீட்டுக்காரருக்குக் கடை மாவு ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகள் சப்பாத்திதான் சாப்பிடுகிறார்கள். சப்பாத்தி தின்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்பெனி மாவுப் பாக்கெட் வாங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

நான் வாங்கினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மனைவி போன பிறகு மாவரைக்க ஆளில்லை, எனக்கு அரைக்கத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் மலர்க்கொடி அதற்கும் என்னைச் சும்மா விடவில்லை.

"நீங்க கணக்கு சார்தான். ஆனா நீங்க வாங்கறது கணக்குல வராது. நீங்க வேதக்காரரு. எதிர்வீட்டு அம்மா வாங்கட்டும், அப்பறம் பாப்போம்."

எங்கள் கிறிஸ்தவக் கோயிலிலும் யார் எந்தப் பக்கம் உட்கார்வது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். "அதுவும் தெரியும் எனக்கு" என்று சிரித்தார்.

விற்காத மாவு தினமும் வீட்டுக்குத்தான் போனது. ராஜேந்திரன் என்னைப் பார்த்தபோதெல்லாம் புலம்புவார். "மூணு வேளையும் புளிச்ச தோசை சார். நாக்கே செத்துப்போச்சு. ஒரு கவர்ல போட்டு, கம்பெனி மாவுன்னு சொல்லி வெச்சா ஓடிடும். இல்லன்னா கைக்கு உறையாவது மாட்டிக்கன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கறா."

நானும் அது நல்ல யோசனைதான் என்று மலர்க்கொடியிடம் சொன்னேன். வியாபாரம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றேன். அவர் மாவுக் கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"கரண்டி போட்டுக் கலந்தா மாவு பொங்காது சார். உறை மாட்டினாலும் பொங்காது. கைச்சூடு படணும். இது உங்க எல்லார் வீட்டு ஆம்பளைக்கும் தெரியாது, பொம்பளைக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் வாங்க மாட்டேங்கறாங்க. வாங்கினா என் கைய வாங்கணும். இல்லன்னா வேணாம்."

அப்புறம் அந்தப் புயல் வந்தது. எல்லா வீட்டிலும் ஒரே யோசனை: கரண்ட் போவதற்குள் மாவரைத்துவிடுவோம். எல்லோரும் அரிசியை ஊறப் போட்டீர்கள். புயலுக்கு முன்னாலேயே கரண்ட் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் தெருவெங்கும் தென்னையும் முருங்கையும் விழுந்து கிடந்தன. கம்பங்கள் சாய்ந்திருந்தன. ஊறிய அரிசி எந்த வீட்டுக்காகவும் காத்திருக்காது. கடையில் ஐஸ்கிரீம் பெட்டிக்காக வாங்கிப் போட்ட ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதில் கிரைண்டர் ஓடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. நம் நகரில் அன்று கேட்ட ஒரே நல்ல சத்தம் அதுதான்.

சரோஜா அம்மாதான் முதலில் வந்தார். இதை அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், நடந்ததுதானே" என்றார். கையில் ஊறிய அரிசிக் குண்டான், அதன்மேல் உளுந்துக் கிண்ணம். வீட்டில் மகளும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் வந்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மெழுகுவத்தி வாங்க நின்றிருந்தேன்.

"மலர், இத அரைச்சு மட்டும் குடுங்க. உப்புப் போட்டு வீட்ல நான் கலந்துக்கறேன்."

மலர்க்கொடி கிரைண்டரை நிறுத்தினார். "உப்புப் போட்டுக் கலந்துதாங்க நான் குடுப்பேன். கையாலதான் கலப்பேன். வேணாம்னா அரிசிய எடுத்துக்கிட்டுப் போங்க. கோச்சுக்க மாட்டேன்."

இந்த அம்மாள் இப்படியா பிடிவாதம் பிடிப்பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாதக்கணக்கில் விற்காத மாவு. ஒரு வாடிக்கை தானாக வாசலுக்கு வந்திருக்கிறது. அதையும் விரட்டுகிறாரே! சரோஜா அம்மா குண்டானைப் பார்த்தார். தன் வீட்டு வாசலைப் பார்த்தார். உள்ளே பேரன் பசியில் கத்திக்கொண்டிருந்தான்.

"போட்டே குடுங்க" என்றார். வெடுக்கென்றுதான் சொன்னார். ஆனால் போகாமல் அங்கேயே நின்று, மலர்க்கொடியின் கை மாவுக்குள் போய்ச் சுழன்று வெளியே வருவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் கடைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஏதோ சண்டைதான் என்று நினைத்தேன்.

"என்னங்க இது, ராத்திரி பொங்கி வழிஞ்சு அடுப்படியெல்லாம் மாவு! கொஞ்சம் பெரிய குண்டானாக் குடுத்திருந்தா என்னவாம்?"

"குண்டான் உங்களுது" என்றார் மலர்க்கொடி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அன்று சாயங்காலம் வரிசை கடை வாசலைத் தாண்டி நின்றது. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. வந்த பிறகும் வரிசை குறையவில்லை. உங்கள் வீட்டு கிரைண்டர்கள் பரணுக்குப் போயின. எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். கடைசிவரை அந்தக் கதவைத் தாண்டாதவர்களும் நம்மில் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்கு நல்ல இட்லி குடுத்து வைக்கல" என்பார் மலர்க்கொடி.

அவர் இறப்பதற்கு முந்தைய நாளும் மாவு அரைத்திருந்தார். சாயங்காலம் விற்று முடித்து, தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். ஆகவே அந்தக் காலையில், வேண்டாம் என்ற சில வீடுகளைத் தவிர, நம் எல்லோர் அடுப்படியிலும் அவர் கலந்த மாவு பொங்கி நின்றது. அவர் இல்லை, அவர் கைச்சூடு இருந்தது. நான் வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அன்று அழுதது அப்போதுதான்.

நன்னிலம் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. கைக்குழந்தைக்காரிகள், மாத்திரை போடுகிற வயசாளிகள் எல்லோரும் பந்தலில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். "மலர் மாவு இருக்குல்ல? மொத்தத்தையும் ஊத்துங்க" என்றுதான் எல்லா வீட்டிலும் சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஹாட்பாக்ஸும் தட்டும் தூக்குமாக இட்லிகள் பந்தலுக்கு வர ஆரம்பித்தன.

மலர்க்கொடியின் அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். ராஜேந்திரன் எவ்வளவு சொல்லியும் எதையும் தொடவில்லை. சரோஜா அம்மா தட்டை நீட்டியபோது, அவர் இரு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தயங்கினார். ஊரில் எத்தனையோ வருஷம் பழகிய தயக்கம் அது.

"இது யாரு வீட்டு இட்லிங்கம்மா?" என்று கேட்டார்.

சரோஜா அம்மா தரையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு இட்லியைப் பிட்டு அவர் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடினார்.

"உங்க தங்கச்சி வீட்டுதுதான்க்கா. அவங்க கை பட்டது. சாப்பிடுங்க."

அந்த அம்மாள் சாப்பிட்டார். பந்தலில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நாமும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டோம்.

என்னிடம் மலர்க்கொடியின் படம் எதுவும் இல்லை. என் வீட்டு மாவில் அடியில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றாமல் பிரிட்ஜில் எடுத்து வைத்திருந்தேன். சென்ற வாரம் சரோஜா அம்மா வீட்டில் புதிதாக மாவு அரைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புப் போட்டு, அந்த ஒரு கரண்டியையும் அதில் விட்டேன். பழக்கத்தில் கரண்டியை எடுத்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கைவரை கையை விட்டேன். இனி மாவு தீரும்போதெல்லாம் ஒரு கரண்டி எடுத்து வைப்பேன். அவருடையது என்று என்னிடம் இருக்கப்போவது அதுதான்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தேன். நான் செய்வது கணக்கில் வருமோ வராதோ, பொங்கியிருந்தது, மலர்க்கொடி.