உலையில் நான் மாற்றிய எண்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில், ஊரை விட்டுத் தள்ளி, ஒரு சின்ன இரும்பாலையில் நான் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் ஆலை. உலையிலும், கம்பி இழுக்கும் உருளைகளிலும், தண்ணீர்க் குழாய்களிலும் சென்சார் பொருத்துவது என் வேலை. சூடு, அதிர்வு, தண்ணீரின் வேகம் எல்லாம் நொடிக்கு நொடி ஒரு கணினிக்கு வந்து சேரும். முந்தைய மாதங்களின் பதிவோடு ஒப்பிட்டு, எது எப்போது உடையப் போகிறது என்று அந்தக் கணினி முன்கூட்டியே சொல்லும். முதலாளி கோயம்புத்தூரில் எங்கோ இதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் வேண்டும் என்றார். அங்கே படித்து அதே வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், அம்மாவின் உடல்நிலைக்காக ஊருக்குத் திரும்பியிருந்த நேரம் அது. எங்கள் வீட்டில் எல்லாரும் ஆசிரியர்கள். சர்ச்சில் ஞாயிறு பூசையில் எங்கள் குடும்பத்துக்கென்றே ஒரு வரிசை உண்டு. யாரும் யாரையும் கை நீட்டி அடித்து நான் பார்த்ததில்லை.

சேர்ந்த இரண்டாவது வாரமே அடி வாங்கினேன்.

உலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது மின்சாரத்தில் உருக்கும் பெரிய தொட்டி. உட்புறம் கெட்டியான மண்பூச்சு. அதற்கு வெளியே தாமிரக் குழாய் சுருளாகச் சுற்றியிருக்கும். குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உருகிய இரும்புக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே இருப்பது அந்தப் பூச்சு மட்டும்தான். அது தேய்ந்து இரும்பு குழாயைத் தொட்டால் உலை வெடிக்கும். அதனால் தண்ணீர் வெளியே வரும் குழாய்களில் சூட்டைப் பார்க்கும் சென்சார்களை மாட்டிக்கொண்டிருந்தேன்.

உலைக்குப் பொறுப்பானவரை எல்லாரும் மெல்ட்டர் என்பார்கள். குன்றக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய வயது. அவர் வந்து என் பின்னால் நின்றார்.

“இது எதுக்கு?”

“தண்ணிச் சூட்டப் பாக்கண்ணே.”

“சூட்டப் பாக்கவா, எங்களப் பாக்கவா?”

முந்தைய ஆண்டு கேமரா மாட்டி, வேலை நேரத்தில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லி இருவரை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. “ரெண்டுக்குந்தான்” என்று சிரித்தேன். அவர் கம்பியைப் பிடுங்கி எறிந்து, கடப்பாரையால் சென்சார் பெட்டியை அடித்தார். நான் கடப்பாரையைப் பிடித்தேன். புறங்கையால் வாயில் ஒன்று விட்டார். உதடு கிழிந்து, முன்பல் ஆடியது. நான் அவரை இரண்டு கையாலும் தள்ளினேன். பழைய இரும்புக் குவியலில் விழுந்தார்; ஒரு தகரம் அவர் முழங்கையை எலும்பு தெரியக் கிழித்தது. மறுபடியும் எழுந்து வந்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள்.

மேனேஜர் அவரை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார். நான் கால் தடுக்கி விழுந்ததாகச் சொன்னேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அவர் போனால் உலையைப் பார்க்க ஆளில்லை, நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. உலையில் எதையும் மாட்டாமல் உருளைப் பக்கம் போனேன். பல மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

உருளைப் பக்கத்தில் அடுத்தது நடந்தது. அங்கே சிவந்த இரும்பு ஒரு ஜோடி உருளையிலிருந்து அடுத்த ஜோடிக்குப் பாய்ந்து, போகப் போக மெலிந்து கம்பியாகும். நான்காவது ஜோடியின் பேரிங்கில் நான் வைத்திருந்த அதிர்வு சென்சார் ஒரு காலையில் சிவப்புக் காட்டியது. ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்த ஃபோர்மேன், “இந்த லோடு முடியட்டும்” என்றார். நான் அவசர நிறுத்தப் பொத்தானை அடித்தேன். சைரன் கத்தியது. அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார். தலை இடித்த சத்தம் எனக்கே கேட்டது.

உருளைகள் வேகம் குறைந்துகொண்டிருக்கும்போதே பேரிங் சிதறியது. சிவந்த கம்பி தன் பாதையை விட்டு எழும்பி, தலைக்கு மேலே சுழன்று, ஆட்கள் வழக்கமாக நிற்கும் இடத்தை அறுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் டிரம்மைத் துளைத்தது. சைரனைக் கேட்டு எல்லாரும் தடுப்புக்குப் பின்னால் போயிருந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் மெல்ட்டரின் மச்சினன். ஃபோர்மேன் என் காலரை விட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

மறுநாள் மெல்ட்டர் என் அறை வாசலுக்கு வந்தார்.

“தம்பி, அந்தப் பொட்டிய இங்குட்டுக் கொண்டாந்து மாட்டுங்க. பைப்ப நானே கழட்டித் தாரேன்.”

அதன் பிறகு உலையடியில் ஒரு திரை வைத்தோம். பச்சை என்றால் வேலை நடக்கலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு வந்தால் மின்சாரம் தானே நிற்கும். அவரைப் போல அந்தத் திரையைப் பார்த்தவர் யாருமில்லை. மஞ்சள் வந்தால் தன் ஆட்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் தள்ளிப் போக வைப்பார். போனிலும் தெரியும்படி செய்துதரச் சொன்னார். வீட்டில் சாப்பிடும்போதுகூட எடுத்துப் பார்ப்பதாக அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

போன கோடையில் வெயில் தாங்க முடியவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே சுடச்சுட வந்தது. உள்ளே போகும் தண்ணீர் சூடாக இருந்ததால், வெளியே வரும் தண்ணீரும் சிவப்புக்கு நான் வைத்திருந்த எல்லை எண்ணைத் தாண்டிக்கொண்டே இருந்தது. பூச்சு நன்றாக இருக்கும்போதே சிவப்பு வந்து உலை நின்றது. பாதி உருகிய இரும்பு தொட்டிக்குள்ளேயே இறுகியது. அதைக் கடப்பாரை போட்டு உடைக்க வேண்டும். ஆட்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஒருநாள் ஒருவன் இன்னொருவன் காலில் வேண்டுமென்றே இரும்புத் துண்டைப் போட்டான்.

மேனேஜர் கூப்பிட்டார். “லிமிட்ட ஏத்தி விடுங்க. இப்படியே போனா முதலாளி எல்லாத்தயும் கழட்டி எறிஞ்சிருவாரு.”

“அது சரியில்ல சார். உள்ள போற சூட்டுக்கும் வெளிய வார சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தப் பாக்குற மாதிரி மாத்தணும். ரெண்டு நாள் உலைய நிறுத்துங்க, செஞ்சு தாரேன்.”

“ரெண்டு நாளெல்லாம் முடியாது. மழை வரட்டும், பாத்துக்கிருவோம். இப்ப ஏத்துங்க.”

என் அறைக்குப் போனேன். கணினியில் அந்த எல்லை இருக்கும் பக்கத்தைத் திறந்து, இருந்த எண்ணை அழித்து, பெரிய எண்ணைத் தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மெல்ட்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் உலையில் ஏற மாட்டேன் என்பார், மேனேஜரோடு சண்டை வரும், நடுவில் நான் நிற்க வேண்டும். சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே கேட்டார். “என்ன தம்பி, இப்பல்லாம் கத்தவே மாட்டேங்குது?”

“சரி பண்ணிட்டேண்ணே.”

“நல்ல காரியம் பண்ணுனீக” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மாடியில் கண்ணாடி போட்ட அறையில் நான் இருந்தேன். என் கணினியில் மூன்றாவது குழாயின் சூட்டைக் காட்டும் கோடு மெல்ல மேலே ஏறியது. மற்றக் குழாய்கள் அப்படியே இருந்தன. வெயில் என்றால் எல்லாம் சேர்ந்து ஏறும். ஒன்று மட்டும் ஏறினால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். உலையடித் திரை பச்சையாகவே இருந்தது. மெல்ட்டருக்குப் போன் செய்தேன். எடுத்தார். கண்ணாடி வழியாக என்னை அண்ணாந்து பார்த்தார்.

“கரண்ட்ட நிறுத்திட்டு தள்ளி வாங்கண்ணே.”

உலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல. திரையைக் கையால் காட்டினார். “பச்சையாத்தான இருக்கு” என்றார்.

நான் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தபோது தரை எழும்பியது. கண்ணாடி முழுவதும் என் மேல் வந்தது. எழுந்து பார்த்தபோது கூரைத் தகரம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. உருகிய இரும்பு சுவரில், தூணில், தரையில் எல்லாம் ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. உலைக்கு நேர் மேலே கிரேன் நின்றது. அதை ஓட்டியவர் திருப்பத்தூர்க்காரர், என் வயதுதான். இறங்கி ஏறக் கஷ்டம் என்று மதியச் சோற்றைக்கூட மேலேயே வைத்துச் சாப்பிடுவார். அவருடைய கேபின் எரிந்தது. அதிலிருந்து யாரும் இறங்கவில்லை.

படியில் உருண்டு கீழே போனேன். மெல்ட்டர் மணல் மேட்டில் கிடந்தார். சட்டை இல்லை. எழுப்பலாம் என்று கையைப் பிடித்தேன். தோல் உரிந்து என் கையோடு வந்தது. அவருக்கு நினைவு இருந்தது.

“பச்சையாத்தான இருந்துச்சு தம்பி?” என்றார்.

வண்டியில் ஏற்றும் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

காரைக்குடி ஆஸ்பத்திரி வாசலில் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவரை மதுரைக்கு ஏற்றி அனுப்பியதும், அவர் மச்சினன் என்னைப் பார்த்தார்.

“பொட்டி பாத்துக்கிரும்னு நீங்கதான சொன்னீக?”

கையிலிருந்த ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார். விழுந்தேன். பிறகு யார் யார் மிதித்தார்கள் என்று தெரியாது. நெஞ்சில் ஒரு மிதி விழுந்தபோது உள்ளே ஏதோ முறிந்தது. தலையை மூடிய இடது கை மணிக்கட்டில் ஒரு கல் விழுந்தது. திருப்பி அடிக்கவோ கத்தவோ எனக்குத் தோன்றவில்லை. அடிப்பவர்களுக்கு எண் விஷயம் தெரியாது. தெரியாமலே சரியான ஆளை அடிக்கிறார்கள் என்று மட்டும் ஓடியது. போலீஸ்காரர் ஒருவர் என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்.

மூன்றாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்.

“நீங்க ஏத்துனது நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர்ல இருக்குறத அழிச்சிருங்க. மெல்ட்டரு பூச்ச ஒழுங்காப் பாக்கலன்னு ரிப்போர்ட் போகுது. அவரு எப்படியும் பொழைக்க மாட்டாருங்கிறாங்க.”

“பாக்குறேன் சார்” என்றேன். அப்படித்தான் சொன்னேன். அன்று முழுவதும் அழித்துவிடத்தான் நினைத்தேன். யார், எப்போது, எந்த எண்ணை மாற்றினார்கள் என்று அந்தக் கணினி தனியாக ஒரு பதிவு வைக்கும். அதை வைக்கச் சொல்லி அமைத்ததே நான்தான். மறுநாள் ஒரு கையால் மடிக்கணினியைத் திறந்தேன். என் பெயர், தேதி, பழைய எண், புதிய எண். கீழே அதற்குப் பிறகு மூன்றாவது குழாய் ஒவ்வொரு நாளும் ஏறிய கணக்கு. வெயிலால் கூடிய சூட்டைக் கழித்துப் பார்த்தாலும், பழைய எண் இருந்திருந்தால் வெடிப்பதற்கு மூன்று நாள் முன்பே உலை நின்றிருக்கும். அதைப் பார்த்த பிறகு அழிக்கக் கை போகவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு சிவகங்கைக்குப் போய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். மேனேஜர் சொன்னதையும், மாற்றியது என் கை என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து மதுரைக்குப் போனேன். மெல்ட்டர் பிழைத்துவிட்டார். கொசுவலை போட்ட கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணை ஏற்றியதை, சரி பண்ணிட்டேன் என்று பொய் சொன்னதை.

அந்த அம்மா என் கட்டுப் போட்ட கையைப் பிடித்து முறுக்கினார். வலியில் முட்டி போட்டேன். தலைமுடியைப் பிடித்துக் கட்டில் காலில் மோதினார். “இவரு சோத்தத் திங்காம அதத்தானய்யா பாத்துக்கிட்டு இருந்தாரு” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். நர்ஸ் வந்து பிரித்தார்.

மெல்ட்டர் வலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “எனக்குச் சொல்லிருக்கலாமே தம்பி. நான் தள்ளி நின்னுருப்பேன். அவனையும் மேல ஏத்திருக்க மாட்டேன்” என்றார். கிரேன் ஓட்டியவரைச் சொல்கிறார் என்று புரிந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மேனேஜர் முதல் ஆள், நான் இரண்டாவது. வேலை போய்விட்டது. எந்த ஆலையும் என்னை எடுப்பதில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆலை மறுபடி ஓடுகிறது. உள்ளே போகும் சூட்டையும் வெளியே வரும் சூட்டையும் கழித்துப் பார்க்கும்படி மாற்றிவிட்டார்களாம். இரண்டு நாளில் முடிந்த வேலை.

போன மாதம் சிவகங்கைக் கோர்ட்டில் மெல்ட்டர் சாட்சி சொன்னார். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சத்தியம் செய்ய இடது கையைத் தூக்கினார். லிமிட்டை ஏற்றியது வெடிப்பதற்கு முன் உங்களுக்குத் தெரியுமா என்று வக்கீல் கேட்டார். “தெரியாது” என்றார். என் பக்கம் பார்க்கவில்லை. அடுத்த தேதி சொல்லி அனுப்பினார்கள்.

பேருந்து நிலையத்தில் அவரும் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குச் செருப்பு வார் கழன்றிருந்தது, அந்த அம்மா குனிந்து மாட்டிவிட்டார். காரைக்குடி வண்டி வந்தது. அவர்கள் ஏறினார்கள். இடம் நிறைய இருந்தது. நான் ஏறாமல் அடுத்த வண்டிக்கு நின்றேன்.