லீலாபாயின் பச்சைக் காய்த் தட்டு

கழக்கூட்டத்தில் மூன்று பிளாட்டுகளில் சமைக்கிற லீலாபாய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற பாறசாலைப் பக்கத்துக்காரி. உப்புப் போதவில்லை என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்வாள். சாப்பிடாமல் எழுந்தால்தான் பொறுக்கமாட்டாள். அவளைக் கூப்பிட்டு வைத்து, புருஷனுக்குச் சோற்றைக் குறை என்று டாக்டர் சொன்னால் எப்படியிருக்கும்?

வீட்டுக்காரர் ஞானசிகாமணி தையல்காரர். இரண்டு கண்ணிலும் புரை. காக்கிக் கால்சட்டைக்கு நீல நூல் போட்டுத் தைத்துக் கொடுத்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இருநூற்றைம்பது. நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காமல் கண்ணில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார் டாக்டர். மனிதர் தைக்க முடியாமல் மிஷினைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் சமைக்கிற பிளாட் ஒன்றில் அஸ்வதி என்ற பெண், வெள்ளரிக்காயையும் குடைமிளகாயையும் விரல் விரலாக நறுக்கி, கட்டித் தயிரில் தொட்டுத் தின்றே மதியத்தை ஓட்டிவிடுவாள். அதற்குப் பெயர் டிப்பாம். பொட்டுக்கடலை கூடாது, கிழங்கு கூடாது, சீனி கூடவே கூடாது என்று அவள் சொல்லிக் கொடுத்ததை லீலாபாய் அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் என்ன ஆடா, பச்சையாத் திங்க?" என்றார் ஞானசிகாமணி.

"தொட்டுத் தின்னு பாருங்க. பொறவு பேசுங்க."

துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் பூண்டும் பச்சைமிளகாயும் ஒரு நாள். சுட்ட கத்திரிக்காயும் எள்ளும் மறுநாள். வறுத்த நிலக்கடலையும் புளியும் அதற்கடுத்த நாள். வேலைக்குப் போகுமுன் ஐந்து மணிக்கே எழுந்து அரைத்து வைப்பாள். மனிதர் முள்ளங்கியைக்கூட விடவில்லை, கிண்ணத்தை வழித்துத் தின்றார். லீலாபாய்க்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது, நர்ஸ் ஜினி இவரை விசாரித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை இருநூற்று முப்பதில் நின்றிருந்தது.

"தங்கையன் கடையில பழம்பொரி தின்னுட்டேன் மோளே. தெனமும்" என்றார் ஞானசிகாமணி, தரையைப் பார்த்தபடி. மாவில் தோய்த்துப் பொரித்த இனிப்பு நேந்திரம்பழம் அது.

இந்தத் தடவை லீலாபாயின் கோபம் வந்த வேகத்தில் போகவில்லை, மூன்று நாள் அவரோடு பேச்சே இல்லை. தட்டை மட்டும் டங்கென்று வைத்தாள். நான்காம் நாள் நேரே டீக்கடைக்குப் போய்த் தங்கையனைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"அக்கா, அண்ணன் பழம்பொரியத் தொட்டே ஒரு மாசம் ஆச்சு. பாலில்லாத கட்டன்சாயதான், அதுவும் மதுரம் இல்லாம" என்றான் தங்கையன். "நானே நிர்பந்திச்சேன், கேக்கல்ல."

அவள் வீட்டுக்கு ஓடிவந்தாள். "எதுக்குப் பொய் சொன்னிய?"

"நீ வெள்ளம் எடுக்கப் போனப்ப அந்தப் புள்ள ஒவ்வொண்ணாக் கேட்டுது" என்றார் ஞானசிகாமணி. "சீனியா, தேனா, கருப்பட்டியா, எல்லாம் ஒண்ணுதான்னுது. அப்பத்தான் எனக்கும் வெளங்கிச்சு. நீ வாற சத்தம் கேட்டுது, பழம்பொரின்னு சொல்லிட்டேன்."

லீலாபாயின் கண் அடுப்படியில் இருந்த கருப்பட்டி டப்பாவுக்குப் போனது. எத்தனை அரைத்தாலும் கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டியைத் தட்டிப் போடாமல் அவள் கை நிற்காது. அவள் வீட்டில் சீனிதான் கெட்டது. கருப்பட்டி மருந்து, பிரசவித்தவளுக்கே கொடுப்பது. அஸ்வதி சொன்ன பட்டியலில் அது இல்லை. இருக்க வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா?"

"சொல்லத்தான் நெனச்சேன். விடியக்காலம் நீ அம்மியில அரைக்கது காதுல கேக்கும். எப்பிடிச் சொல்ல?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். கண்தெரியாத மனுசனுக்கு இவ்வளவு அழுத்தமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். அவர்மேல் அவளுக்கு அன்று வந்த பாசம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

மறுநாள் முதல் கருப்பட்டி இல்லை. புளியும் காரமும் நாக்கைப் பிடுங்கின. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார். அவளும் எதிரே உட்கார்ந்து அதையே தின்றாள். இரண்டு மாதத்தில் சர்க்கரை நூற்று நாற்பத்திரண்டு.

ஜினி ஆபரேஷன் தேதியைக் குறித்துக்கொண்டே, "அப்போ அங்கிள் பழம்பொரிய விட்டாச்சு, அல்லே?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறக்குமுன் லீலாபாய் முந்திக்கொண்டாள். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

"அவரு பழம்பொரியே திங்கல்ல மோளே. கருப்பட்டி போட்டுக் குடுத்தது நானாக்கும்."