மூடாத பக்கம்

கிளிநொச்சியில், அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில், யதுசாவின் திரை எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அதில் ஒரு வரிக் கட்டளை தட்டினால், இணையப் பக்கத்துக்கு வேண்டிய கோப்புகள் தாமாக வந்து சேரும். இன்னொன்று தட்டினால், முழுப் பக்கமும் கட்டி முடிந்து நிற்கும். முல்லைத்தீவு மீனவர் மரியநேசனின் மகளான அவள் அந்தக் கட்டளைகளைச் செபம்போல மனப்பாடம் செய்திருந்தாள்.

அன்று அந்தச் செபமே அவளைக் கைவிட்டது.

ஊரில் நண்டு விற்கும் பெண்களின் சங்கத்துக்காக அவள் ஆசையாய்ச் செய்த பக்கம் அது. முகப்பில் அவளுடைய தாய் சூசையம்மா, வலையில் நண்டு கழற்றியபடி சிரிக்கும் படம். போரில் ஆல்பங்களெல்லாம் போன குடும்பத்தில், கண்மூடிவிட்ட அந்தத் தாயின் மிஞ்சிய ஒரே படம் அது. அதை எடுத்த பழைய ஃபோனும் பழுதாகிவிட்டது. உடனே தெரியட்டும் என்ற அவசரத்தில், கட்டி முடிந்த பக்கம் வந்து விழும் கோப்புறைக்குள்ளேயே, வேறெங்கும் பிரதி வைக்காமல், படத்தைப் போட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புறையை வெறுமையாக்கிவிட்டுத்தான் கட்டளை புதிதாய்க் கட்டும் என்பதை மறந்தே போனாள்.

ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி, மறுபடி கட்டி, வெளியிட்டாள். தாய் சிரித்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

ஐயோ, அம்மாவை இரண்டாம் முறை புதைத்துவிட்டேனே!

அப்போதுதான் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தகப்பனின் பெரிய தொடுதிரை ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருந்தாள். அதை மூடாமல், புதிதாய் ஏற்றாமல் இருக்கும்வரை பழைய பக்கம் அதில் அப்படியே நிற்கும். அதைத் தொடவிடாமல், கடலுக்குக் கொண்டுபோகும் அவருடைய மற்றப் பொத்தான் ஃபோனுக்கு அழைத்தாள்.

"அப்பா, பெரிய ஃபோனில அம்மா இன்னும் தெரியிறாவோ?"

"ஓம். அவாவைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். ஏன் பிள்ளை அழுறாய்?"

"ஒண்டையும் தொடாதேங்கோ, மூடாதேங்கோ! அப்பிடியே பஸ்ஸில வாங்கோ!"

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் கோயில் மெழுகுதிரியை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல, ஃபோனை நெஞ்சோடு பிடித்து, மறுகையால் மறைத்தபடி மரியநேசன் படியேறி வந்தார்.

"கொண்டக்டருக்குச் சொன்னன், பொக்கற்றில நீயே காசை எடு தம்பி, என்ர மனிசி கையில இருக்கிறா எண்டு. என்னை விசரனெண்டு நினைச்சிட்டான்."

அழுதுகொண்டே சிரித்தாள் யதுசா. சார்ஜ் சிவப்பில் நின்றது. படத்தை அழுத்திப் பிடித்துச் சேமித்தாள். இம்முறை அதைத் தன் கணினிக்கு மாற்றி, கட்டளை வெறுமையாக்காத வேறு கோப்புறையில் பத்திரப்படுத்தினாள். நடந்ததைத் தகப்பனுக்கு விளங்கப்படுத்தினாள்.

"எதையும் வள்ளத்துக்குள்ள வச்சா, வள்ளம் கழுவேக்க போகும்தானே," என்றார் அவர்.

கட்டளையை மீண்டும் தட்டினாள். முகப்பில் சூசையம்மா சிரித்தாள்.

"இனி உங்கட ஃபோனில மூடலாம் அப்பா."

"இருக்கட்டும் பிள்ளை. கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தா."