சனிக்கிழமைக்கு மூன்று கதவு

அக்காவின் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். ஓர் அறை அக்காவுக்கும், ரொட்டி வேன் ஓட்டும் அவள் கணவருக்கும். இன்னொன்று தம்பிக்கு.

தம்பிக்கு எதிர்ச்சாரி பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. சுவரிலிருந்து பெயர்ந்த சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, இதே நிறம் வேண்டும் என்று நிற்பார்கள். ஷேட் கார்டில் அந்த நிறம் இருக்காது. தம்பி சில்லை வாசல் வெளிச்சத்தில் பார்ப்பான், பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே பார்ப்பான். வெள்ளை டின்னில் ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் விட்டு மெஷினில் குலுக்குவான். விரலில் தொட்டுச் சில்லின்மேல் ஒரு கோடு இழுத்துக் காயவிடுவான். காய்ந்தபின் கோடு எங்கே என்று தேடவேண்டும். இதை அக்கா ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். மீதிப் பேர் அவளிடம் துணி கொடுக்காதவர்கள்.

பிறர் எழுதும் வலைப்பதிவுகளில் அவன் போய் விழுந்ததும் ஒரு வெள்ளை நிறத்தால்தான். ஓர் அம்மா கடைக்குச் சண்டைக்கு வந்தாள். அலமாரிக்கு வெள்ளை எனாமல் அடித்திருக்கிறாள். வெளியே பளிச்சென்று இருக்கிறது, உள்பக்கம் மட்டும் பழுத்த மஞ்சள். கலப்படப் பெயிண்டை விற்று ஏமாற்றிவிட்டீர்கள் என்றாள். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. தம்பி போனில் தேடினான். வந்ததெல்லாம் விளம்பரம். தள்ளித் தள்ளிக் கீழே போனபோது, 'ஏணி' என்ற பெயரில் ஒரு வீட்டுப் பெயிண்டர் எழுதும் பக்கம் கிடைத்தது. எனாமல் வெள்ளை இருட்டில் மஞ்சளாகும், அது பெயிண்டின் குற்றமில்லை, கதவைத் திறந்து வெளிச்சம் காட்டினால் ஓரளவு வெளுக்கும் என்று, திட்டு வாங்கிய அனுபவத்தோடு எழுதியிருந்தார். அந்த அம்மா அலமாரியை ஜன்னல் பக்கம் திருப்பித் திறந்து போட்டாள். கொஞ்ச நாளில் மஞ்சள் இறங்கியது. சண்டையும் இறங்கியது.

வேறு யாராக இருந்தாலும் வந்த வேலை முடிந்தது என்று போயிருப்பார்கள். தம்பி அந்தப் பக்கத்தின் முதல் பதிவுக்குப் போய் அங்கிருந்து படிக்க ஆரம்பித்தான். ஓரத்தில் 'நான் படிக்கிறவங்க' என்று ஏணி சில பெயர்களைப் போட்டிருந்தார். அதில் ஒன்றைத் தொட்டால், வெயிலில் பாலம் விரிவதற்காக நடுவில் விடும் இடைவெளிகளைப் பற்றி மட்டுமே எழுதும் ஒருவர். அவர் ஓரத்தில், பாதங்களை வைத்தே நோயாளிகளை நினைவு வைத்திருக்கும் ஒரு நர்ஸ். அந்த நர்ஸின் ஓரத்தில், சிக்னல் கம்பங்களில் கூடு கட்டும் குருவிகளைப் படமெடுக்கும் பஸ் கண்டக்டர். பொத்தான் சேர்ப்பவர், பாசி பார்ப்பவர், தன் தெருவில் எந்தக் குழாய் எப்போது சொட்டுகிறது என்று எழுதுகிறவர். ஒருத்தர் வீட்டுக் கொல்லைக்கதவு இன்னொருத்தர் வீட்டு வாசலில் போய்த் திறப்பதுபோல அவன் போய்க்கொண்டே இருந்தான்.

"யாரு மாப்ள இதையெல்லாம் படிக்கிறது?" என்றார் அக்காவின் கணவர், சாப்பிட்டுக்கொண்டே.

"நான் படிக்கிறேன், மாமா."

"சரி, உன்னை விட்டுட்டு?"

"எழுதுறவங்களே ஒருத்தரை ஒருத்தர் படிச்சுக்கிறாங்க."

"அப்ப நாலு பேரு வட்டமா உக்காந்து முதுகு சொறிஞ்சுக்கிறீங்க."

"அந்தக் குழாய்க்காரர் எழுதினதைப் படிச்சிட்டுத்தான் நம்ம வீட்டு வாஷரை மாத்தினேன். நீங்க மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிட்டே இருந்தீங்களே, அது."

அக்கா சிரிப்பை மறைக்க எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

பிறகு தம்பி தானே ஒரு பக்கம் தொடங்கினான். 'மூன்று கதவு' என்று பெயர். சனிக்கிழமை காலையில் மூன்று வலைப்பதிவுகளைச் சொல்வான். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி அறிமுகம். கேட்டவர்களுக்கு மின்னஞ்சலிலும் போகும். அவனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை படிக்காமல் எதையும் சொல்லமாட்டான். சொல்லும்போது, அந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்ததுபோல் சொல்வான். அனுப்புமுன் அக்காவிடம் காட்டுவான். அவள் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் ஒரு கமா இடம் மாறியிருந்தால், தையல் விட்டுப்போன மடிப்பைப் பார்த்ததுபோல் அவள் கண் அங்கே போய் நிற்கும். 'கமா பார்த்தது: அக்கா' என்று ஒவ்வொரு வாரமும் கீழே ஒரு வரி போடுவான்.

அப்படித்தான் ஒரு நாள் 'கரண்டி' கிடைத்தாள்.

அவள் பெயர் யாருக்கும் தெரியாது. சமையல் வேலை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு வேலைசெய்யாமல் போயிருந்தது. வெங்காயம் வதங்கியதை நிறத்தை வைத்தும், எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கிறாள். பால் அடிப்பிடிப்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்; அதற்குச் சத்தமும் இல்லை, நிறமும் மேலே தெரியாது. அதனால் பால் பொங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். வேலை இடத்தில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். காலையில் ஆரஞ்சுத் தோலையும் கிராம்பையும் முகர்ந்து பார்த்து, இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று எழுதுகிறாள். அதையும் சிரிக்கும்படி எழுதுகிறாள்.

"அக்கா, இதுவரைக்கும் பார்த்ததுலேயே இதுதான்" என்றான் தம்பி. அந்த வாரம் மூன்றுக்குப் பதில் ஒரே கதவு. அறிமுகமும் நீளம். பழைய ஆஸ்பத்திரி கேன்டீன், மாடிப்படிக்குக் கீழே பாத்திரம் கழுவும் இடம், இடதுகைப் பழக்கம், கூடவே வேலை செய்யும் நாத்தனார் என்று அந்தப் பெண் கண்முன் வந்து நின்றாள். படித்துவிட்டு அக்கா ஒரு கமாவைக்கூட நகர்த்தவில்லை. இவ்வளவு நன்றாக அவன் எழுதியதே இல்லை என்று நினைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் தம்பி தையல் கடைக்குள் வந்து நின்றான். கையில் பெயிண்ட் காயவில்லை. போனை அவள் பக்கம் திருப்பினான். கரண்டி எழுதியிருந்தாள்.

'நான் ஆஸ்பத்திரின்னு ஒரு நாள் எழுதினேன். மாடிப்படின்னு வேற வருஷம் எழுதினேன். இடதுகை, நாத்தனார் எல்லாம் எங்கேயோ ஒரு ஓரத்துல இருக்கும். நீங்க எல்லாத்தையும் பொறுக்கி ஒரே இடத்துல வச்சுட்டீங்க. எங்க சமையலறையில இருக்கிற யார் படிச்சாலும் இது நான்தான்னு தெரியும். எனக்கு வேலை போயிடும்.'

மேலோட்டமாகப் படிக்கிறவனுக்கு இந்தத் தப்பு வராது. அத்தனையையும் விடாமல் படித்தவனுக்குத்தான் வரும்.

"பக்கத்துலேர்ந்து எடுத்துட்டேன். ஆனா காலையிலேயே எல்லாருக்கும் மெயில் போயிடுச்சு" என்றான்.

"எல்லாருக்கும் எழுது. அழிச்சுடுங்கன்னு சொல்லு."

"சொன்னா, படிக்காம விட்டவனும் என்னன்னு திறந்து பார்ப்பான், அக்கா."

அக்காவுக்கு அது தோன்றியிருக்கவில்லை. தம்பி முக்காலியில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு அதைத் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று மட்டும் பார்த்தான். பாலத்துக்காரர் போட்டிருந்தார், ஏணியும் போட்டிருந்தார், அந்த நர்ஸ் தோழிகளுக்கு அனுப்பியதாக எழுதியிருந்தாள். அவர்களுக்குத் தனித்தனியாக, காரணம் சொல்லாமல், எடுத்துவிடுங்கள் என்று எழுதினான். ஏணியின் பதில் முதலில் வந்தது. 'எடுத்தாச்சு தம்பி. என்னன்னு கேக்கல.' பாலத்துக்காரர் எடுத்ததோடு, வேறு யாரோ எடுத்துப் போட்டிருந்ததையும் கண்டுபிடித்து அவரிடம் தானே பேசியிருந்தார். நர்ஸ் மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதினாள்: 'என் தோழிங்க யாரும் அந்த ஆஸ்பத்திரி இல்ல. விசாரிச்சுட்டேன்.' ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்த்ததில்லை.

மாமாகூட அன்று கிண்டல் செய்யவில்லை. "பாவம் மாப்ள அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போனார்.

அதோடு முடியவில்லை. கரண்டியின் பக்கம் மூடப்பட்டுவிட்டது. தொட்டால் வெறும் வெள்ளைதான் வந்தது. தம்பி அடுத்த சனிக்கிழமை ஒன்றும் அனுப்பவில்லை, அதற்கடுத்த வாரமும் அனுப்பவில்லை. கடையில் ஒரு டின்னை இரண்டு முறை தவறாகக் கலந்தான் என்று கடைக்காரர் அக்காவிடம் வந்து சொன்னார். அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றான் அவன், ஒரு நாள் படியேறும்போது.

"நிறுத்தினா அவங்க வேலை திரும்பி வருமா?"

"வேலை போயிடுச்சான்னே தெரியலையே."

"அப்ப தெரிஞ்சுக்கிற வரைக்கும் சும்மா இரு. ஆனா அவங்களை நச்சரிக்காதே."

கரண்டிக்கு அவன் ஒரே ஒரு கடிதம்தான் எழுதினான். அக்கா படித்துப் பார்த்தாள். தான் செய்ததை மழுப்பாமல் எழுதியிருந்தான். யார் யாரிடம் எடுக்கச் சொன்னான் என்றும் எழுதியிருந்தான். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் கரண்டி பதில் போட வேண்டியிருக்கும் என்றான். இவனை வளர்த்ததில் தனக்கும் பங்கு உண்டு என்று அக்காவுக்கு அப்போது தோன்றியது. வெளியே சொல்லவில்லை.

பதில் வெகுநாள் கழித்து வந்தது. வேறு யாராவது சொல்லித் தெரிவதற்குள் நாமே சொல்லிவிடலாம் என்று கரண்டி கேன்டீன் மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். வேலை போகவில்லை. அடுப்பிலிருந்து எடுத்துக் காய் நறுக்கும் பக்கம் போட்டுவிட்டார்கள். மூக்கு திரும்பினால் பார்க்கலாம் என்றார்களாம். 'உங்க மேல கோபம் இருக்கு' என்று எழுதியிருந்தாள். 'அது போற மாதிரி தெரியல. ஆனா என் முதல் பதிவுலேர்ந்து ஒருத்தர் படிச்சிருக்கார்னு நினைச்சா அதுவும் ஒரு மாதிரியா இருக்கு. புதுசா வேற இடத்துல எழுதறேன். முகவரி கீழே. நீங்களும் அந்த கமா பார்க்கிற அக்காவும் மட்டும் படிங்க.'

மறு சனிக்கிழமை மூன்று கதவு திரும்ப வந்தது. இப்போது அறிமுகத்தை எழுதி, முதலில் அந்த ஆளுக்கே அனுப்பி, அவர் சரி என்றபிறகுதான் வெளியே விடுகிறான். சிலர் வேண்டாம் என்கிறார்கள். எழுதிய நாலு வரியை அப்படியே விட்டுவிட்டு வேறு கதவு தேடுகிறான். கரண்டியைப் பற்றி ஒருவரிடமும் அவன் மூச்சு விடுவதில்லை. பொத்தான்காரர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார், அந்தச் சமையல்காரப் பெண் என்ன ஆனாள் என்று. தெரியாது என்றுவிட்டான்.

போன வாரம் அக்கா பேன்ட் மடிப்புக்குத் தையல் போட்டுக்கொண்டே போனைப் பார்த்தாள். கரண்டி எழுதியிருந்தாள். காய் நறுக்கும் மேசையை யாரோ துடைத்துவிட்டுத் துணியை அப்படியே அவள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியதாம். அவள் அந்தத் துணியைக் கையில் எடுத்து மறுபடி மறுபடி முகர்ந்திருக்கிறாள். நாத்தனார் பயந்துபோய் மேலாளரைக் கூப்பிட்டாளாம். அவர் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பால் உன் பொறுப்பு, கூட ஒரு ஆள் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பேன்ட்டுக்காகக் காத்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, நல்ல செய்தியா?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க எழுதியிருக்காங்க."

"யாரு, சொந்தமா?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இந்தாங்க, நீளம் சரியா இருக்கான்னு போட்டுப் பாருங்க" என்றாள்.