கோட்டுக்கு இப்பால்

திரும்பிப் பார்க்காமல் ஓடினான் டெனுசன். குறித்த இடத்தில் இடது காலை ஊன்றி உள்பக்கமாக வெட்டித் திரும்பியபோது பந்து ஏற்கெனவே காற்றில் இருந்தது. அவன் அங்கே வந்து சேருமுன்பே, வந்துவிடுவான் என்று நம்பி எறியப்பட்ட பந்து.

டூட்டிங் திடலில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. அமெரிக்கன் ஃபுட்பால் அணி தனக்குள் இரண்டாகப் பிரிந்து விளையாடியது. பந்தைப் பிடிக்கும் றிசீவர் இடம் ஒன்றுதான் மிச்சம். அதற்கு அவனும் இன்னொருவனும். ஆட்டம் முடிந்ததும் சொல்வதாகக் கோச் சொல்லியிருந்தார். டெனுசனுக்கு வயது முப்பத்தொன்று. அடுத்த வருடம் அவனை யாரும் பரிசீலிக்கப் போவதில்லை.

மன்னாரிலிருந்து சிறுவயதில் வந்தவன். தோர்ண்டன் ஹீத்தில் கைபேசி திருத்தும் கடையில் வேலை. கோடையில் அப்பாவின் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்குக் கிரிக்கெட் விளையாடுவான். அந்தப் பள்ளிக்கூடத்தை அவன் கண்டதில்லை. துடுப்பெடுத்துக் கடைசியாக இறங்குவான், உடனே திரும்புவான். ஆனால் எந்தப் பிடியையும் தவறவிட்டதில்லை.

"உன்ர கையில பசை இருக்கு மச்சான். ஓட மட்டும் பழகு" என்று இந்த அணிக்குக் கூட்டிவந்தவன் நண்பன் விவேக்.

அம்மா அருள்மலர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஞாயிறு பூசையை விட்டிட்டு அப்பிடியென்ன விளையாட்டு?"

"சனி பின்னேரப் பூசைக்குப் போயிட்டனம்மா. அதுவும் செல்லும்."

"ஃபாதருக்குச் செல்லும். எனக்குச் செல்லாது."

கை போதும் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். வேகமும் போதாது என்று பிறகு தெரிந்தது. ஒரே பாதையை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடவேண்டும். எறிபவன் ஆளைப் பார்த்து எறிவதில்லை, இடத்தைப் பார்த்து எறிகிறான். பக்கத்திலிருந்து ஒருவன் இடிக்க வருவது தெரிந்தாலும், பந்து விரலுக்குள் வரும்வரை கண் அதை விடக்கூடாது. கடையில் உடைந்த திரைகளைக் கழற்றும்போதும் மேசைக்கடியில் அவன் கால்கள் அந்தப் பாதையை ஓடிக்கொண்டிருந்தன.

"தம்பி, காலில ஏதும் வருத்தமோ?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

"இல்லை அண்ணை. ஓடிக்கொண்டிருக்கிறன்."

பிடித்த பின், கடைசிக் கோட்டைத் தாண்டும்வரை பந்தை நெஞ்சோடு இறுக்கவேண்டும் என்றும் கோச் சொல்லியிருந்தார். அதைச் சொல்லவும் வேண்டுமா என்று டெனுசன் நினைத்துக்கொண்டான்.

இப்போது பந்து சுழன்று வந்தது. அதன் வெள்ளைத் தையல் மெல்லத் தோன்றி மறைந்து தோன்றியது. திடலில் சத்தமில்லை. தண்ணீருக்கடியில் யாரோ எதையோ கைமாற்றுவது போல அது விரல்களுக்குள் வந்து நின்றது. முன்னால் யாருமில்லை. கோடு கிட்டத்தில் இருந்தது.

உடம்பு முழுக்க ஒரு வெளிச்சம் ஏறியது. அவன் பந்தை வானத்தை நோக்கி எறிந்தான். சங்கத்துக் கிரிக்கெட் ஆட்டங்களில் பிடி எடுத்த எல்லோரும் அப்படித்தான் எறிவார்கள். கைகளை விரித்து அண்ணாந்து நின்றான். சாம்பல் வானத்தில் பந்து நெடுநேரம் இருந்தது.

பிறகு விழுந்தது. அதன்மேல் ஒருவன் பாய்ந்து படுத்தான். எதிர்ப்பக்கம் விளையாடிய விவேக். பந்து இனி அவர்களுடையது.

"டேய்! அவுட் எண்டு நினைச்சியே?" படுத்தபடியே சிரித்தான். "அம்பயர் எங்க எண்டு தேடு, போ!"

"ஓம்" என்றான் டெனுசன். "முடிஞ்சுதெண்டு நினைச்சன்."

விவேக் சிரிப்பதை நிறுத்தினான். கோச் கத்தவில்லை. ஆட்டம் முடிந்ததும் மற்றவனைப் பெயர் சொல்லி அழைத்துக் கைகொடுத்தார்.

மறுநாள் திங்கள். டெனுசன் பத்து மணிக்குக் கடையைத் திறந்தான். மத்தியானம்வரை மழை பெய்தது. மூன்று பேர் வந்தார்கள். ஒருவருடைய கைபேசி திருத்த ஏலாதது. மாற்று ஆளாக வியாழக்கிழமை பயிற்சிக்கு வரலாம் என்று கோச்சிடமிருந்து செய்தி வந்தது. வருவதாகப் பதில் அனுப்பினான். சோறு சாப்பிட்டான். ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.