அம்மன் படத்துக்குப் பின்னிருந்த சுவர்

புயல் கரையைக் கடந்த நான்காம் நாள் காலை, வருவாய்த் துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர்களை, வீடுகளின் சேதம் பார்க்க அழைப்பதாகச் சொன்னார்கள். நான் பூசையில் இருந்தேன். பாடிக்கொண்டிருந்த பதிகத்தை முடித்து, நீறு பூசி, பழைய தூக்குக்குண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எந்தச் சுவரின் சாய்வும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற செருக்கு அன்று காலைவரை என்னிடம் இருந்தது.

குருசுக்குப்பத்தில் கடலை ஒட்டிய இரண்டு தெருக்களை எனக்கு ஒதுக்கினார்கள். நான் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து படமெடுக்க அலுவலகப் பெண் ஒருவர் உடன் வந்தார். ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம். கதவைச் சாத்திப் பார்ப்பேன். சட்டத்தில் இடித்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். சுவரைக் கைத்தடியால் தட்டி ஓசை கேட்பேன். மூலைகளில் குண்டைத் தொங்கவிடுவேன். பிறகு வாசல் நிலையில் பெயின்ட்டால் ஒரு கோடு. பச்சை என்றால் குடியிருக்கலாம். சிவப்பு என்றால் அப்போதே வெளியேற வேண்டும். அன்று மாலை மீண்டும் கனமழை என்று அறிவித்திருந்ததால் அத்தனை அவசரம்.

ஏழாவது வீடு, மீன் விற்கும் ஓர் அம்மாளுடையது. வாசலிலேயே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பட்டையெல்லாம் போட்டுக்கினு சாமியாராட்டம் வரீங்க, நீங்கதான் இஞ்சினீரா?”

“வழி விடுக்கா, பத்து நிமிசந்தான்” என்றார் அலுவலகப் பெண்.

“பாருங்க, நல்லாப் பாருங்க. காத்து அடிச்சப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப சுவத்த வெசாரிக்க ரெண்டு பேரு.”

ஒரே அறை. கடற்பக்கச் சுவரை ஒட்டிப் பாயில் அவர் மகள் படுத்திருந்தாள். அருகே, பிறந்து பன்னிரண்டே நாளான பிள்ளை. அவர்கள் தலைக்கு மேலே பெரிய அம்மன் படம்; புதிய அரளி மாலை; கீழே முக்காலியில் எரியும் அகல்.

கதவு தடையின்றிச் சாத்திக்கொண்டது. மூன்று சுவர்களும் கெட்டியான ஓசை தந்தன. நான்காவதைத் தட்டியபடி படத்தருகே வந்தபோது, “அம்மா மேல தடி படாமப் பாத்துக்குங்க சாமி” என்றார் அந்த அம்மாள்.

படத்தைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் இத்தனை அழிவுக்கு நடுவிலும் விளக்கேற்றி வைத்திருக்கிறார்களே என்று என் நெஞ்சு நெகிழ்ந்தது. கைகூப்பினேன். படத்தைச் சுற்றித் தட்டினேன். படத்தின் பின்னே தட்டவில்லை. பச்சைக் கோடு போடச் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

இரண்டு வீடு தள்ளி, சுவர் மாடத்தில் இருந்த ஒரு முருகன் படத்தைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. அந்த அம்மாள் வீட்டிலும் எதிர்ச்சுவரில் மாடம் இருந்தது. பல ஆண்டு விளக்குக் கரி படிந்திருந்தது. உள்ளே படம் இல்லை. அம்மன் ஏன் இடம் மாறினாள்?

“சார், இன்னும் இருபது வூடு கெடக்கு. பச்ச போட்டாச்சு, போட்டோவும் ஏத்தியாச்சு” என்றார் அலுவலகப் பெண்.

“அந்தச் சுவத்தடியிலதாம்மா பச்சக் கொழந்த படுத்திருக்கு.”

திரும்பிப் போனோம். என்னைக் கண்டதுமே அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. படத்தை இறக்கச் சொன்னேன்.

“எறக்க மாட்டேன். நீறு பூசின கை உன்னுது. நீயே எறக்கு.”

நானே இறக்கினேன். இரண்டு விரல் நுழையும் பிளவு, மேலிருந்து கீழாக. அதன் வழியே கடல் தெரிந்தது.

“தெரியும்யா, எனக்குத் தெரியும். செவப்பு போட்டா அப்புறம் இந்த எடத்துல கட்ட வுடுவாங்களா? கேம்புக்குப் போனா ஈரத் தரையில இந்தப் புள்ளைய எங்க போடுவேன்? அம்மா தாங்கிப் புடிப்பான்னுதான் மாட்டி வச்சேன். நீ கும்புட்டியே, நம்பாமதான் கும்புட்டியா?”

கல்லும் கடலில் மிதந்தது என்று காலையில் உருகிப் பாடிய அதே வாயால் சிவப்புப் போடச் சொன்னேன். பச்சையின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமில் மட்டுமே இடம் இருந்தது, அதுவும் தாழ்வாரத்தில். மகளையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிய பிறகு, அந்த அம்மாள் படத்தை என் கையில் திணித்தார். “நீயே வச்சுக்கோ. எங்களுக்கு எடமில்ல, இவளுக்கு எங்க எடம்?”

மாலையில் மழை சொன்னபடியே வந்தது. தாழ்வாரத்துக்குள் சாரல் அடித்திருக்கிறது. மூன்றாம் நாள், பிள்ளைக்கு மூச்சு இரைக்க, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “சுவரு வுழுந்துச்சா?”

விழவில்லை. இதை எழுதும் இன்றும் அது நிற்கிறது. பிள்ளையும் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. விடிந்ததும் குருசுக்குப்பம் வரை நடந்து அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறேன். பிறகு என் பூசையறையில், அந்த அம்மன் முன்னே உட்காருகிறேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று பாடத்தான் வாய் திறக்கிறேன். பாட்டுக்கு முந்திக்கொண்டு மனம் வேறொன்றை வேண்டுகிறது: தாயே, அந்தச் சுவர் விழட்டும்.